டோட்டோ-சானின் பள்ளி: சிறியது என்பதாலா அன்பானது?

ஆசிரியர்களே, மாணவர்களே, தெட்சுகோ குரோயாநாகி தம் இளமைக்காலத்தை எழுதிய ‘டோட்டோ-சான்’ (1981) நூலை உங்களில் பலர் தமிழிலேயே படித்திருப்பீர்கள். ரயில் பெட்டிகளே வகுப்பறைகள். ஏறக்குறைய ஐம்பதே மாணவர்கள். தோக்கியோவில் சொசாகு கோபயாஷி 1937இல் தொடங்கிய இந்தப் பள்ளி, 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது.

‘சின்னப் பள்ளி, அதனால குடும்பம் மாதிரி இருந்துச்சு’ என்று இந்நூலைப் பற்றி எளிதாக எழுதிவிடலாம். ஆனால், நூல் அப்படியா சொல்கிறது? கொஞ்சம் உற்றுப் பாருங்க.

அதே சின்னப் பள்ளியில்தான், உடல் வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷியிடம், ‘உனக்கு வால் இருக்கிறதா?’ என்ற பொருளில் வகுப்பாசிரியை விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். அந்தப் பிள்ளைக்கு அது எப்படி வலித்திருக்கும்! தலைமையாசிரியர் அவரைக் கண்டிக்கிறார். எங்கே? மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் அல்ல, சமையலறையில். மாணவனின் மானத்துக்காகப் பேசும்போதும் ஆசிரியையின் மானத்தைக் காக்கிறார்.

விளையாட்டுப் போட்டியையும் பாருங்க. குட்டைக் கால்களுக்கு ஏற்ற போட்டிகளாக அமைய, தகாஹாஷியே எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிறான். மதிய உணவில் கடல் உணவோ நிலத்து உணவோ குறைந்தால், தலைமையாசிரியரின் மனைவி தம் பாத்திரத்திலிருந்து எடுத்து வைக்கிறார். எந்தப் பிள்ளையும் கூச வேண்டியதில்லை. ஆக, அன்பு அங்கே தானாக முளைக்கவில்லை. யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பள்ளி சிறியதாக இருந்தது அதற்கு வசதி, காரணம் அல்ல.

நூலில் ஒரு குறையும் உண்டு. எல்லாம் சிறுமியின் கண்வழி வருவதால், கோபயாஷியின் தயக்கம், பணக்கவலை, தோல்வி எதுவும் நமக்குத் தெரிவதில்லை. அவர் மகானாகிவிடுகிறார். மகானைக் கும்பிடலாம்; பின்பற்றுவதுதான் சிரமம்.

தேர்வு எழுதும் மாணவர்களே, பாத்திரப் படைப்பு பற்றிக் கேட்டால் ‘அன்பானவர், பண்பானவர்’ என்று அடுக்காதீர்கள். முதல் நாளில் ஒரு சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் கேட்டார் என்று எழுதுங்கள். செயலே சான்று.

ஆசிரியர்களே, நம் நாட்டில் 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் பல. எல்லாப் பிள்ளைகளின் பெயரும் நமக்குத் தெரியும். ஓய்வு நேரத்தில் யார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியுமா? இந்த நூல் நம்மிடம் கேட்பது அதைத்தான்.