வினாவும் செப்பும்
ஆங்கில இலக்கண ஐயங்களும் மைக்கேல் சுவான் நூலும்

ஒரு மொழியை அயன்மொழியாகக் கற்பவனுக்கு எழும் இலக்கண வினா, அதனைத் தாய்மொழியாகப் பெற்றவனுக்கு எழுவதில்லை. 'இரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்' என்பதை ஆங்கிலத்திலும் நிகழ்காலத்தாற் கூறினால் என்ன குற்றம் என்று தமிழ் மாணவன் கேட்பான். இங்கிலாந்திற் பிறந்த சிறுவன் கேளான். அவனுக்குச் செவிப்பழக்கமே இலக்கணம். ஆகவே, தாய்மொழியாளருக்கு வகுக்கப்படும் இலக்கணம் ஒன்று. அயன்மொழியாளரின் ஐயம் அகற்ற வகுக்கப்படும் இலக்கணம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதனால் விளைந்த இடர்ப்பாடு சிறிதன்று.

இரண்டாம் வகை நூல்களுள் ஆசிரியர் பலரும் கைக்கொண்டு போற்றுவது மைக்கேல் சுவான் இயற்றிய 'பிராக்டிகல் இங்கிலிஷ் யூசேஜ்' ஆகும். 1980இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளிவந்த இந்நூல், 1995, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்று மறுபதிப்புகளாக வந்துள்ளது. இந்நூல் மாணவனின் வினாவுக்கு எத்தகைய விடையளிக்கின்றது, அவ்விடை தமிழ் மாணவனுக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முன்னோர் சென்ற வழி

1926இல் வெளிவந்த பௌலரின் 'மாடர்ன் இங்கிலிஷ் யூசேஜ்' புகழ்மிக்க நூல். ஆயினும் அது கற்றறிந்த ஆங்கிலேயரை நோக்கிப் பேசுவது. நல்ல நடை எது, போலி நடை எது என்று பிரித்துக் காட்டுவதே அதன் நோக்கம். 'தி' என்னும் சுட்டு எங்கே வரும், எங்கே வராது என்று தடுமாறும் மாணவன் அதனுட் புகுந்தால் வெறுங்கையுடன் மீள்வான்.

இந்தியப் பள்ளிகளிற் பல தலைமுறையினர் பயின்றது ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய இலக்கணம். சொற்களை வகைப்படுத்தவும், வாக்கியத்தைப் பகுத்துக் காட்டவும், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றவும் அது செவ்வனே பயிற்றிற்று. பகுப்பிற் கைதேர்ந்த மாணவர் பலர் பேச்சில் நா எழாது நின்றனர் எனில், அக்குறை மாணவரைச் சார்ந்ததன்று. ஆக்கப்பட்ட வாக்கியத்தைப் பகுத்தறிவது வேறு. புதிய வாக்கியத்தை ஆக்குவது வேறு.

புதிய நெறி ஜப்பானிலே தோன்றியது. அங்கு ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவரும் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் அச்சேறியது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதனை வெளியிட்டது. எப்பெயர்ச்சொல் எண்ணப்படும், எது எண்ணப்படாது, எவ்வினைச்சொல் எவ்வமைப்பை ஏற்கும் என்பவற்றை அது குறித்துக் காட்டிற்று. அயன்மொழி மாணவர் தடுமாறும் இடங்களை அருகிருந்து கண்டவர்களே அதனைச் செய்தனர் என்பது கருதத்தக்கது. சுவானின் நூல் இம்மரபின் வழித்தோன்றலே.

நூலின் சிறப்பு

'சம்' என்னும் சொல் உடன்பாட்டு வாக்கியத்திலும், 'எனி' என்னும் சொல் எதிர்மறையிலும் வினாவிலும் வரும் என்பது பள்ளிகளில் நெடுங்காலமாக ஓதப்படும் விதி. நினைவிற்கு எளிது, ஆனால் முழுவதும் உண்மையன்று. விருந்தோம்பும் ஆங்கிலேயர் 'வுட் யூ லைக் சம் டீ' என்றே கேட்பார். இது வினா, வந்திருப்பதோ 'சம்'. விதி பொய்யா, விருந்தளிப்பவர் பேச்சுப் பிழையா என்று மாணவன் மயங்குகின்றான். 'விதிவிலக்கு' என்னும் ஒரு சொல்லால் ஆசிரியர் அவன் வாயை அடைத்துவிடலாம், மயக்கம் தீராது.

சுவான் இவ்விடத்தில் பேசுவோன் கருத்தை நோக்குகின்றார். 'ஆம்' என்னும் விடையை எதிர்பார்த்துக் கேட்கும்போதும், ஒன்றைக் கொடுக்க முன்வரும்போதும் வினாவிலும் 'சம்' வரும் என்கிறார். விதி சற்றே நீள்கின்றது. ஆனால் மாணவன் வெளியே கேட்கும் ஆங்கிலத்தோடு அது முரண்படவில்லை. நூல் முழுவதும் இந்நேர்மையைக் காணலாம். பிழையான தொடரையும் செம்மையான தொடரையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுதல், பேச்சுவழக்கையும் ஏட்டுவழக்கையும் பிரித்துரைத்தல், பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும் மாறுபடும் இடங்களைச் சுட்டுதல் ஆகியன இதன் நற்கூறுகள்.

இதற்கு அடிப்படையான கொள்கையைச் சுவான் 1994இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் விளக்கியுள்ளார். கற்பிக்கும் விதிக்கு அவர் கூறும் அளவுகோல்கள் ஆறு: உண்மை, எல்லை காட்டல், தெளிவு, எளிமை, மாணவன் அறிந்த கருத்துகளைக் கொண்டே விளக்கும் சிக்கனம், பொருத்தம். இவ்வாறும் எப்பொழுதும் ஒத்துச் செல்வன அல்ல. உண்மையை முற்றக் கூறின் எளிமை கெடும். எளிமையையே நாடின் உண்மை குறையும். எதனை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதிலேதான் ஆசிரியனின் திறமை விளங்கும். ஆறாவதாகிய பொருத்தம் என்பது, மாணவனின் மொழிநிலை கேட்கும் வினாவுக்கு மட்டுமே விடை தருதல்.

தமிழாசிரியர்க்கு இக்கருத்துப் புதிதன்று. வினாவும் செப்பும் வழுவாது காத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்துட் கூறிய நெறி. ஊருக்கு வழி கேட்டவனுக்குப் பசுவின் கன்றைப் பற்றிக் கூறுவது செப்பு வழு. ஒரு தொடரில் 'சின்ஸ்' வருமா 'ஃபார்' வருமா என்று கேட்ட மாணவனுக்கு ஆங்கிலக் காலங்கள் பன்னிரண்டையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும் அவ்வழுவின்பாற் படும். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். அவற்றுள் அறியாமையால் எழும் வினா ஒன்று. இதுவோ அதுவோ என்னும் ஐயத்தால் எழும் வினா மற்றொன்று. முன்னதற்கு விளக்கம் வேண்டும்; பின்னதற்கு வேறுபாடு காட்டினாற் போதும். வினா எவ்வகைத்து என்று அறியாது இறுக்கப்படும் விடை எவ்வளவு சரியானதாயினும் பயனற்றதே.

நூலின் குறைகள்

முதல் மூன்று பதிப்புகளும் தலைப்புகளை அகரவரிசையில் அமைத்தன. இஃது ஐயமுற்றவனுக்கு ஏற்ற அமைப்பு. தான் தடுமாறிய சொல்லையே கொண்டு விடையைத் தேடலாம். நான்காம் பதிப்பு இலக்கணப் பகுதியைப் பொருள்வாரியாகப் பிரித்துவிட்டது. தொடர்ந்து பயில்வோர்க்கு இது நன்று. ஆனால் தன் ஐயத்தின் இலக்கணப் பெயரை அறியாதவன், எப்பிரிவைத் திறப்பது என்று எவ்வாறு அறிவான்? பெயரை அறிந்திருப்பின் ஐயத்திற் பாதி தீர்ந்திருக்குமன்றோ!

அடுத்த குறை, விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருத்தல். ஓரளவு தேர்ந்த மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியதேயன்றித் தொடக்க நிலை மாணவன் தானே எடுத்துப் படிக்கத்தக்கதன்று.

மூன்றாவதே பெரிது. உலகிலுள்ள எல்லா மாணவருக்கும் ஒரே விடை கூறும் நூல், ஒருவனுடைய பிழை எங்கிருந்து பிறந்தது என்று கூற இயலாது. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்று தமிழ் மாணவன் எழுதுகின்றான். 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்னும் தமிழ்த்தொடரில் வினா சிறிதும் மாறாமல் நிற்க, 'என்று' என்பது அதனைத் தாங்கிக்கொள்கின்றது. ஆங்கிலத்திலோ வினா உள்ளடங்கியவுடன் சொல்முறை மாறி, 'வேர் ஹீ இஸ்' ஆகின்றது. பிழையின் வேரைக் காட்டினால் மாணவன் தன் அறிவின்மைக்கு நாணமாட்டான். இரு மொழிகளின் போக்கு வேறென உணர்வான். மலேசியா, சிங்கப்பூர் மாணவர்க்கு மற்றுமொரு சூழலும் உண்டு. முடிந்த செயலை 'ஐ ஈட் ஆல்ரெடி' என்னும் உள்ளூர் வழக்கை அவர்கள் நாள்தோறும் கேட்கின்றனர். பிரித்தானிய, அமெரிக்க வழக்குகளை அளவாகக் கொண்ட நூல் இதற்கு விடையாகாது.

சுவான் இக்குறையை உணராதவர் அல்லர். பெர்னார்டு ஸ்மித்துடன் சேர்ந்து அவர் பதிப்பித்த 'லேர்னர் இங்கிலிஷ்' என்னும் நூல் (1987), தாய்மொழிவாரியாக மாணவர் பிழைகளை ஆராய்வது. அதன் இரண்டாம் பதிப்பில் (2001) திராவிட மொழியாளர்க்கும் ஓர் இயல் உண்டு. எனினும், ஓர் இயலுள் அடங்கும் பொருளன்று இது.

எஞ்சியிருக்கும் பணி

'சம்', 'எனி' சிக்கலையே மீண்டும் நோக்குக. 'யாரோ வந்தார்' என்பது தமிழ். 'யாரும் வந்தார்' என்பது தமிழன்று. ஆனால் 'யாரும் வரவில்லை' என்பதும், 'யாரும் வரலாம்' என்பதும் செம்மையான தொடர்கள். ஆங்கிலத்திலும் இவ்வாறே: 'சம்ஒன் கேம்' உண்டு; 'எனிஒன் கேம்' இல்லை; எதிர்மறையிலும் 'வரலாம்' என்னும் இசைவிலும் 'எனிஒன்' வரும். வினாவில் மட்டும் தமிழ் 'யாராவது' என்று பிரிந்து செல்லும். ஒப்புமையின் எல்லை அதுவே. பிறந்தது முதல் தான் பிழையின்றி வழங்கிவரும் விதியொன்றை மாணவன் ஆங்கிலத்திலும் காண்கின்றான். உண்மை, எல்லை, எளிமை மூன்றும் இங்கு ஒருங்கே அமைகின்றன. இவ்விளக்கத்தைத் தரவல்லவர் இரு மொழியும் அறிந்த தமிழாசிரியரே.

தமிழிலக்கண அறிவு ஆங்கிலக் கல்விக்குத் தடை என்னும் எண்ணம் பெற்றோர் சிலரிடம் இன்றும் உண்டு. மேற்காட்டிய சான்று அதனை மறுக்கும். ஆங்கில வகுப்பில் கேட்க அஞ்சிய ஐயத்தை மாணவன் தமிழாசிரியரிடம் கொண்டுவரின், அதனைத் தம் துறையன்றெனத் தள்ளுதல் இழப்பாகும்.

சுவானின் நூல் ஆசிரியர் மேசைமீது இருக்கவேண்டிய நூல். விடையில் நேர்மையும் எல்லையுணர்வும் கற்பிப்பது. ஆயினும் வினாவைக் கேட்பவன் யார் என்று அது அறியாது. அவனை அறிந்தவர், தமிழும் ஆங்கிலமும் நிறுத்து நோக்கி, தமிழ் மாணவர் கேட்கும் ஐயங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து விடை எழுதுவாராயின், அந்நூல் இதனருகே வைக்கத்தக்கதாகும்.