பார்க்கின்சன் விதியும் படைச் செலவும்

சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியராய் 1950 முதல் 1958 வரை விளங்கிய சி. நார்த்கோட் பார்க்கின்சன், 1955-இல் இலண்டன் 'எக்கனாமிஸ்ட்' இதழில் பெயர் குறியாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவே பின்னர் 'பார்க்கின்சன் விதி' என்னும் நூலின் முதற் கட்டுரையாயிற்று. வேலை கூடினாலும் குறைந்தாலும், அறவே இல்லாதொழிந்தாலும், அலுவலர் தொகை பெருகியே தீரும் என்பது அதன் கருத்து.

அதற்கு அவர் காட்டும் சான்று பிரிட்டிஷ் கடற்படை. 1914-இல் பணியிலிருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62, 1928-இல் 20. அதிகாரிகளும் மாலுமிகளும் 146,000 பேரிலிருந்து 100,000 பேராகக் குறைந்தனர். தலைமை அலுவலகத்தாரோ 2,000 பேரிலிருந்து 3,569 பேராயினர். கடலில் கப்பல் குறையக் குறையக் கரையில் மேசைகள் மிகுந்த இக்காட்சி எவரையும் நகைக்க வைக்கும். படைச் செலவு ஏறும்போதெல்லாம் இவ்விதியை மேற்கோள் காட்டுவோரும் உளர்.

நகைச்சுவை சிறந்ததே, விளக்கம் பாதியே. கப்பல் தொகைக்கு வரம்பு இருந்ததைக் கட்டுரையே குறிக்கிறது. 1922-ஆம் ஆண்டு வாஷிங்டன் உடன்படிக்கை, வல்லரசுகளின் பெருங்கப்பல்களுக்கு வரம்பு கட்டிற்று. மேலும், 1928-இன் கடற்படை 1914-இன் கடற்படை அன்று. வானூர்தி தாங்கிக் கப்பல்கள் அதற்குள் கடலில் இறங்கிவிட்டன. புதுக் கருவி ஒவ்வொன்றும் கரையிலும் ஆள் கேட்கும். கப்பலை மட்டும் எண்ணி வேலையை அளப்பது பொருந்தாது.

ஆட்பெருக்கம் வேறு, செலவுப் பெருக்கம் வேறு என்பதே பெரிதும் கருதத்தக்கது. பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் வாராது என்ற கணிப்பை 1919-இல் பிரிட்டிஷ் அரசு விதியாகக் கொண்டது; 1932-இல் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் படைச் செலவு சுருங்கியது; அலுவலகம் பெருகியும் அது சுருங்கவே செய்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தின் கதையும் இதுவே. 1921-இல் முடிவாகி, 1924-இல் தொழிற்கட்சி அரசால் நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடங்கி, ஜப்பானைப் பற்றிய அச்சம் முற்றிய பின் விரைந்து, 1938-இல் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 6 கோடி பவுன். அதை ஏற்றி இறக்கியவை அச்சமும், கட்சியும், கருவூல நிலையுமே; எழுத்தர் கூட்டம் அன்று. கடற்படை வரலாற்றறிஞர் ஒருவர், அத்தளம் அமைந்த தீவிலேயே வாழ்ந்தும், இதனை அக்கட்டுரையில் தொடாதது வியப்பே.

ஆயின் படைச் செலவை அறிய விரும்புவார்க்கு அந்நூலில் வேறொரு கட்டுரை உண்டு. புகழில் பின்தங்கியது, பயனில் முந்தியது. நிதிக்குழு ஒன்று, ஒரு கோடி மதிப்புள்ள அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் அளிக்கிறது. மிதிவண்டிக் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதிடுகிறது. உலையின் விலை பெரும்பாலோர்க்குப் பிடிபடாது. கொட்டகையின் கூரைத் தகரம் எல்லார்க்கும் தெரியும். படைக் கணக்கும் இத்தகையதே. வீரனின் சீருடைச் செலவை யாரும் வினவலாம். 15 அங்குலப் பீரங்கியின் விலையை மதிப்பிடத் தெரிந்தவர் சிலரே, அவருட் பலரும் பீரங்கி கேட்பவர் பக்கத்தவர். பகையச்சம் செலவுக்கு வாயில் திறக்கிறது. திறந்த வாயில் வழி எவ்வளவு செல்கிறது என்பதை அளக்கும் வினா எழாதபோது, தொகை வளர்கிறது.

பிரிட்டிஷ் படைகளுட் பெரும்பகுதி 1971 இறுதிக்குள் அகன்றபின், தற்காப்புச் சுமை சிங்கப்பூரின் தோளிலேயே விழுந்தது. 2020-களில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 3 விழுக்காடு அதற்கே செல்கிறது. வரவு செலவுத் திட்டத்தைப் பள்ளியில் விளக்கும் ஆசிரியர், பார்க்கின்சனின் முதற் கட்டுரையைச் சிரிப்புக்கு வைத்துக்கொண்டு, இந்த நிதிக்குழுக் கட்டுரையைப் பாடத்துக்கு எடுக்கலாம்.