மூன்று நோ டிரம்ப்பா, நான்கு இஸ்பேடா?

பிரிட்ஜ் ஆட்டத்தில் முதல் சீட்டு இறங்கும் முன் நடக்கும் ஏலத்தில், எதிரெதிரே அமர்ந்து கூட்டாக ஆடும் இருவர் எத்தனை டிரிக் எடுப்பார்கள் என்பதோடு, எந்த இனத்தைத் துருப்பாக்கி எடுப்பார்கள், அல்லது துருப்பே இல்லாமல் எடுப்பார்கள் என்பதும் முடிவாகிறது. நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கும் சுற்றே டிரிக். ஒரு ஆட்டத்தில் அவை 13. ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால், எடுத்தே தீர வேண்டிய டிரிக் கணக்கு வந்துவிடும்.

துருப்பில்லாத ஒப்பந்தமான நோ டிரம்ப்பில் முதல் டிரிக்குக்கு 40 புள்ளியும் அடுத்தவை ஒவ்வொன்றுக்கும் 30 புள்ளியும் கிடைக்கின்றன. இஸ்பேடிலும் ஆர்ட்டினிலும் டிரிக்குக்கு 30, டைமண்டிலும் கிளாவரிலும் 20 மட்டுமே. 'கேம்' எனப்படும் பெரிய போனஸுக்கு ஒப்பந்தத்தின் மதிப்பு 100 புள்ளியை எட்ட வேண்டும் என்பதால், நோ டிரம்ப்பில் ஒன்பது டிரிக் போதும், இஸ்பேடிலும் ஆர்ட்டினிலும் பத்து வேண்டும், மற்ற இரண்டிலும் பதினொன்று வேண்டும். டைமண்டும் கிளாவரும் எவ்வளவு நீளமாக வந்தாலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதலில் மூன்று நோ டிரம்ப்பையே எண்ணிப் பார்ப்பது இதனால்தான். இஸ்பேடோ ஆர்ட்டினோ இரு கைகளிலும் சேர்ந்து எட்டு இருந்தால் அதையே துருப்பாக்க வேண்டும் என்று தொடக்கப் பாடம் சொல்கிறது. பாதி உண்மையான அந்தப் பாடம் மீதிப் பாதியில்தான் புள்ளிகளைப் பறிகொடுக்க வைக்கிறது.

எதிரெதிரே அமர்ந்த கூட்டாளிகளைத் தெற்கு, வடக்கு என்று அழைப்போம். தெற்கின் கையில் இஸ்பேடில் ராஜா, ராணி, 7, 4; ஆர்ட்டினில் ஏஸ், 6, 5; டைமண்டில் ஏஸ், 6, 3; கிளாவரில் ராஜா, 9, 3 என்றும், வடக்கின் கையில் இஸ்பேடில் ஏஸ், 8, 6, 2; ஆர்ட்டினில் ராஜா, 8, 4; டைமண்டில் ராஜா, 7, 5; கிளாவரில் ராணி, 6, 2 என்றும் வைத்துக்கொள்வோம். எதிரணியிடமுள்ள ஐந்து இஸ்பேடுகள் 3-2 என்று பிரிந்தால் (இதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடு), இஸ்பேடில் நான்கும் ஆர்ட்டினிலும் டைமண்டிலும் இவ்விரண்டும் கிளாவரில் ஒன்றுமாக ஒன்பது டிரிக் வருகின்றன. எட்டு இஸ்பேடு இருந்தும் துருப்பு இங்கே எதையும் கூட்டித் தருவதில்லை. ஏனெனில் இரு கைகளிலும் மற்ற மூன்று இனங்களும் மும்மூன்று சீட்டாக, கண்ணாடியில் பார்த்தது போல் ஒத்திருப்பதால், ஒரு கையில் தீர்ந்துபோன இனத்தை இன்னொரு கையிலிருந்து ஆடித் துருப்பால் வெட்ட வழியே இல்லை. நான்கு இஸ்பேடு சொன்னவர் ஆர்ட்டினில் ஒன்று, டைமண்டில் ஒன்று, கிளாவரில் பொதுவாக இரண்டு என இழந்து தோற்க, மூன்று நோ டிரம்ப் சொன்னவர் அதே ஒன்பதோடு வெல்கிறார்.

இனி வடக்கின் டைமண்ட் ஒன்றை எடுத்துவிட்டுக் கிளாவர் ஒன்றைச் சேர்த்தால் கதையே மாறிவிடுகிறது. எதிரணியின் துருப்புகளை மூன்று சுற்றில் இறக்கிய பிறகும் இரு கைகளிலும் ஒவ்வொரு இஸ்பேடு மிஞ்சியிருக்க, தெற்கின் மூன்றாவது டைமண்டை வடக்கு வெட்டி, நான்கு இஸ்பேடு டிரிக்கை ஐந்தாக்கிவிடலாம். பத்தும் வந்து சேர்கிறது. ஆகவே எட்டு துருப்பு உண்டா என்பதைவிட, துருப்பு ஒரு டிரிக்கைக் கூட்டுமா என்பதே ஏலத்தில் கேட்க வேண்டிய கேள்வி. 5-3 என்று அமைந்த துருப்பில் ஐந்துள்ள கையால் வெட்டுவது எப்படியும் வரவேண்டிய டிரிக்கை முன்கூட்டி எடுப்பதே ஆகும். மூன்றுள்ள கையால் வெட்டினால்தான் உண்மையான லாபம். 4-4 அமைப்புக்கு மதிப்பு கூடுதலாக இருப்பது, எந்தக் கையால் வெட்டினாலும் லாபம் என்பதால்தான். மாறாக, இரு கைகளுக்கும் சேர்த்துத் தடுக்க உயர்ந்த சீட்டு இல்லாத இனம் ஒன்று இருந்தால், எதிரணி அதிலேயே ஐந்து டிரிக் எடுத்துவிடும் அபாயத்தால் நோ டிரம்ப் நினைக்கவே தகாதது.

போட்டியின் கணக்கு முறையும் இதில் தலையிடுகிறது. போனஸ் குறைந்த நிலையில் மூன்று நோ டிரம்ப்பை ஒன்பது டிரிக்கோடு முடித்தால் 400, பத்தோடு முடித்தால் 430, நான்கு இஸ்பேடைப் பத்தோடு முடித்தால் 420. ஜோடிப் போட்டிகளில் பிற மேசைகளோடு ஒப்பிட்டே இடம் தீர்மானமாவதால் அந்தப் பத்துப் புள்ளியும் உயிர். போலந்து அணி பட்டம் வென்ற, 2015இல் சென்னையில் நடந்த பெர்முடா கிண்ணம் போன்ற அணிப் போட்டிகளிலோ 10 புள்ளி வேறுபாட்டுக்கு மதிப்பே இல்லை, ஒப்பந்தம் நிறைவேறுவதே பெரிது.

தெற்கு தன் கையிலுள்ள உயர்ந்த சீட்டுகளுக்கு 15 முதல் 17 வரையிலான மதிப்பெண்ணோடு ஒரு நோ டிரம்ப் என்று தொடங்கியதும், வடக்கு இரண்டு கிளாவர் சொல்லி நான்கு சீட்டு இஸ்பேடோ ஆர்ட்டினோ உண்டா எனக் கேட்பதே ஸ்டேமன் முறை. பயனுள்ள இந்தக் கேள்வியின் விடை எதிரணிக்கும் காதில் விழுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேற்கண்ட முதல் வடிவில் வடக்கு எதையும் கேட்காமல் நேரே மூன்று நோ டிரம்ப் சொல்வதே சரி. இரண்டாம் வடிவில் கேட்காமல் விடுவது பிழை.