புத்தி சரியாக இருக்கிறதா?

லினக்ஸிலோ மேக்கிலோ ஒரு மென்பொருளின் மூல நிரலை வாங்கி நீங்களே கம்பைல் செய்திருந்தால், 'கன்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்ட்டைச் சந்தித்திருப்பீர்கள். சந்திக்காதவர்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தையை நினைத்துக்கொள்ளலாம். சி கம்பைலர் இருக்கா? இருக்கு. வேலை செய்யுமா? செய்யும். இப்படிக் கேள்வியும் பதிலுமாகத் திரை ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில், 'சூழலுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா?' என்றுகூட ஒரு கேள்வி வரும். நிஜமாகத்தான். நாம் காபி குடிக்கப் போய்விடுவோம்.

கேலிக்கு முன் ஒரு நியாயம். டேவிட் மெக்கன்ஸி 1991-ல், இந்த ஸ்கிரிப்ட்டுகளைத் தயாரித்துத் தரும் 'ஆட்டோகான்ஃப்'பை எழுதத் தொடங்கியபோது யூனிக்ஸ் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். அல்ட்ரிக்ஸ், ஐரிக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் என்று ஆளாளுக்குத் தனிச் சமையல். 'இயந்திரத்தின் பேரைக் கேட்காதே, அதனால் என்ன முடியும் என்று சோதித்துப் பார்' என்பது ஆட்டோகான்ஃபின் சித்தாந்தம். அருமையான சித்தாந்தம். இன்றைக்கும் தேவைதான். ஒரு ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்த லினக்ஸில் 'செட்' கட்டளையோடு 'மைனஸ் ஐ' போதும். மேக்கில் பேக்கப் ஃபைலுக்கு ஒரு வால் பெயரும், காலியாகவாவது, கொடுத்தாக வேண்டும்.

குறை எங்கே என்றால், சோதிக்கும் முறையில். கன்ஃபிகர் ஒரு குட்டி சி புரோகிராமை எழுதி கம்பைல் செய்து பார்க்கும். தேறினால் 'உண்டு'. தேறாவிட்டால் 'இல்லை'. வசதி நிஜமாகவே இல்லையா, கேள்வியிலேயே பிழையா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நாமும் அந்த 'இல்லை'யைச் சந்தேகிப்பதில்லை.

இது எவ்வளவு விபரீதம் என்று 2024-ல் தெரிந்தது. 'எக்ஸ்இசட்' என்ற, லினக்ஸ் உலகம் முழுக்கப் பரவிய சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் வரிகள் இருந்தது கன்ஃபிகருக்கான மேக்ரோ ஃபைல் ஒன்றில். எல்லாரும் பார்க்கும் ரெப்பாஸிட்டரியில் அது இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. திருடனும் அத்தை பாணியிலேயே விசாரித்தான்: லினக்ஸா? 64 பிட் இன்டெல் வகையா? டெபியன் அல்லது ஆர்பிஎம் பொட்டலமா? எல்லாம் 'ஆம்' என்றால்தான் உள்ளே நுழைவான்.

'சரி, புதுக் கருவிக்கு மாறிவிடலாமே' என்பீர்கள். அதே எக்ஸ்இசட்டில், நவீனமான 'சிமேக்' ஃபைலில் ஒரே ஒரு புள்ளி அதிகமாக இருந்தது. அதனால் சோதனைப் புரோகிராம் கம்பைல் ஆகாது. 'லேண்ட்லாக்' என்ற பாதுகாப்பு வேலி 'இல்லை' என்று பதில் வரும். வேலி இல்லாமலேயே எல்லாம் சுபமாக முடியும்.

கண்டுபிடித்தது எந்தச் சோதனையும் அல்ல. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிபுணர், லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று குடைந்து பார்த்து, மார்ச் 29-ம் தேதி உலகுக்குச் சொன்னார்.

எனவே என் தீர்ப்பு: ஆட்டோகான்ஃப் தன் காலத்தில் பெரிய உபகாரி. ஆனால், 1989-ன் சி தரத்திலேயே வந்துவிட்ட ஹெடர் ஃபைல்களை இன்னும் 'இருக்கா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கேள்விகளைக் குறையுங்கள். மனிதர் உட்கார்ந்து படிக்கிற அளவுக்குக் குறையுங்கள். 'இல்லை' என்று வந்தால், ஏன் இல்லை என்று திரையிலேயே சொல்லட்டும்.

அதுவரை அந்தப் புத்தி விசாரணையை, காபி குடிக்கப் போகிற நம்மிடமும் ஒருமுறை நடத்தலாம்.