ரெண்டு ஒயர், ஒரே வழி: ஒரு செய்முறைக் குறிப்பின் மீது சில விமர்சனங்கள்

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு போன் வந்தது. செங்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கிருந்து தம்பி பேசினான். "சர்வர் வரலண்ணா. ரெண்டு ஒயர் போட்டா நிக்கவே நிக்காதுன்னு சொன்னீங்களே?"

சொன்னவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதை அமைத்துக் கொடுத்தவனும் நான்தான். இந்தப் பக்கத்தில் வழக்கமாக நடுகல், கல்வெட்டு என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீரென்று சர்வரைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மா, மகளின் ரிப்போர்ட்டுக்காக விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் தயார், அது சர்வருக்குள் இருக்கிறது, பிரிண்டர் பக்கத்து அறையில் இருக்கிறது. நடுவில் ஒரு கேபிள்தான் இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மதியம் ஆகிவிட்டது. அவர் போக வேண்டிய பஸ் போய்விட்டது.

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த சர்வரில் இரண்டு நெட்வொர்க் போர்ட் உண்டு. லினக்ஸில் பாண்டிங் என்றொரு வசதி இருக்கிறது. இரண்டு போர்ட்டையும் சேர்த்து வெளியே ஒன்றாகக் காட்டும். ஒன்று போனால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். நான் அமைத்தது ஆக்டிவ்-பேக்கப் என்ற முறை: ஒன்று வேலை செய்யும், இன்னொன்று சும்மா காத்திருக்கும். சர்வரின் பதிவுகளைத் தேடிப் பார்த்தால், முதல் கேபிள் செத்துப்போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, போர்ட்டிலிருந்து லேசாக வெளியே வந்திருக்கிறது. அந்த நொடியே இரண்டாவது கேபிள் வேலையை எடுத்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒழுகும் கூரைக்குப் பயந்து மேஜையை நகர்த்தினார்கள். இரண்டாவது கேபிள் மேஜைக் காலுக்கு அடியில் மாட்டி நசுங்கியது. அவ்வளவுதான்.

அப்படியானால் பாண்டிங் தோற்றுவிட்டதா? இல்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது. தோற்றது நான் பின்பற்றிய செய்முறைக் குறிப்பும், அதை அப்படியே நம்பிய நானும்.

அன்று ராத்திரி அந்தக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதோடு அதே மாதிரி இன்னும் ஏழெட்டுக் குறிப்புகள், வீடியோக்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். எல்லாவற்றுக்கும் ஒரே உடல்வாகு. இந்தக் கோப்பைத் திற, இந்த வரிகளைப் போடு, நெட்வொர்க்கை மறுபடி துவக்கு. கடைசியில் ஒரு படம்: இரண்டு போர்ட்டும் உயிரோடு இருப்பதாகத் திரை காட்டும். அதோடு முடிந்தது, வாழ்த்துகள். கேபிளைப் பிடுங்கிப் பார் என்று சொன்னவை ஒன்றோ இரண்டோ. பிடுங்கினால் யாருக்குத் தகவல் போகும் என்று கேட்டது ஒன்றுகூட இல்லை.

என் முதல் புகார் இதுதான். ஒரே கேபிள் இருக்கும் வீட்டில் கேபிள் போனால் உடனே தெரிந்துவிடும், எல்லாரும் கத்துவார்கள். இரண்டு கேபிள் இருக்கும் வீட்டில் முதல் கேபிள் போவது ஓசையில்லாமல் நடக்கும். இரண்டாவது கேபிளுக்குக் காசு கொடுத்து நாம் உண்மையில் வாங்குவது அவகாசம். முதல் பழுதுக்கும் இரண்டாவது பழுதுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம். எனக்கு நான்கு மாதம் கிடைத்தது. பத்து நிமிட வேலை, இருபது ரூபாய் கூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் முனை. ஆனால் பழுது நடந்ததே தெரியாதவனுக்கு நான்கு மாதமும் ஒன்றுதான், நான்கு நொடியும் ஒன்றுதான். தகவல் சொல்லும் ஏற்பாடு இல்லாத பாண்டிங், பழுதைத் தடுப்பதில்லை, மறைத்து வைக்கிறது.

இரண்டாவது புகார், கண்காணிப்பைப் பற்றியது. பாண்டிங் டிரைவரின் மூலம் பழையது. டொனால்ட் பெக்கர் லினக்ஸ் 2.0 காலத்தில், பியோவுல்ஃப் கணினிக் கூட்டங்களுக்காக எழுதிய திருத்தங்களிலிருந்து வந்தது. கெர்னலோடு வரும் அதன் ஆவணம் நீளமானது, நேர்மையானது. கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று எத்தனை மில்லி நொடிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்கு அதில் ஓர் அமைப்பு உண்டு. பல ஆண்டுகள் அதன் இயல்பு மதிப்பு 0 என்றே இருந்தது. 0 என்றால் பார்க்கவே பார்க்காதே என்று அர்த்தம். 100 வைத்துத் தொடங்கு, கண்காணிப்பு இல்லாமல் விட்டால் பழுது நேரத்தில் மோசமாகிவிடும் என்று அதே ஆவணம் எச்சரிக்கவும் செய்கிறது. உபுண்டுவின் நெட்பிளான் ஆவணமும் இந்த இடத்தில் 0 என்றே சொல்கிறது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் போட்ட குறிப்பைப் பின்பற்றினால் என்ன ஆகும்? சில முறைகளில் கெர்னலே திருத்திக்கொள்ளும். ஆக்டிவ்-பேக்கப்பில், பழைய கெர்னலாக இருந்தால், இரண்டு கேபிள் செருகியும் மாற்று வழி இல்லாத நிலைதான்.

சரி, 100 போட்டாயிற்று. அது எதைப் பார்க்கிறது? சர்வருக்கும் பக்கத்து சுவிட்சுக்கும் நடுவில் மின்தொடர்பு இருக்கிறதா என்பதை மட்டும். சுவிட்சுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அறுந்து கிடந்தாலும் போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். வாசல் வரைக்கும் விளக்கு இருக்கிறது என்பதற்காகத் தெருவில் வெளிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? இதற்கு வேறு ஒரு வழி உண்டு: ஏ.ஆர்.பி. கண்காணிப்பு. குறிப்பிட்ட சில முகவரிகளை, உதாரணமாக ரவுட்டரை, அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பது. பதில் வரவில்லை என்றால் மாறிக்கொள்வது. 16 முகவரி வரை கொடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு முகவரியைக் கொடுத்து, அந்தக் கருவியே படுத்துவிட்டால், நல்ல கேபிளையும் செத்ததாக நினைத்துக்கொள்ளும். யாரைக் கூப்பிடுவது என்பது கட்டளை தெரிவதால் வரும் முடிவில்லை. அந்த இடத்தைத் தெரிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. குறிப்புகள் தவறவிடுவது எப்போதும் இந்த மாதிரி முடிவுகளைத்தான்.

மூன்றாவது புகார்தான் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது. அந்தக் கூடத்தில் என் இரண்டு கேபிளும் போய்ச் சேர்ந்தது ஒரே எட்டு போர்ட் சுவிட்சில். அந்த சுவிட்சின் அடாப்டர் யுபிஎஸ்ஸில்கூட இல்லை, சாதா பிளக்கில் இருந்தது. கரண்ட் போனால் சர்வர் நிற்காது. ஆனால் சர்வரை யாரும் அடைய முடியாது. ஒரே சுவிட்ச் என்றால் அது போகும்போது மாறிக்கொள்ள வேறு இடமில்லை என்று கெர்னல் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. ஒரு சுவிட்ச், இரண்டு சுவிட்ச் என்று தனித்தனியாகப் படம் போட்டும் காட்டுகிறது. எங்கே? பாதியைத் தாண்டி, பின்பகுதியில். அமைப்புகளின் நீண்ட பட்டியலைக் கடந்து அவ்வளவு தூரம் யார் போகிறார்கள்? முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய படம் அது. நம்மூர்க் குறிப்பெழுதிகள் அந்தப் பட்டியலிலிருந்து நாலு வரியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள், படத்தை விட்டுவிட்டார்கள்.

இது செங்கத்து மூலையில் இருக்கும் ஒரு சின்ன அறையின் கதை மட்டும் இல்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. ஒன்று சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4, இன்னொன்று ஃபிளாக். வெவ்வேறு கேபிள், வெவ்வேறு உரிமையாளர். காகிதத்தில் ஒன்றுக்கொன்று மாற்று. ஆனால் கடலில் இரண்டும் அதே குறுகலான வழியாகப் போயின. இந்தியாவில் இணையம் பல நாள் தள்ளாடியது. பாரத்நெட் கதையும் இதேதான். வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு ஃபைபரை நேர்கோடாக இழுத்தார்கள். நடுவில் ஜேசிபி ஓர் இடத்தில் தோண்டினால் அதற்கப்பால் இருக்கும் ஊர் எல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 1,39,579 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஒரு முக்கியமான மாற்றம், நேர்கோட்டை வளையமாக்குவது. வளையம் என்றால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றி வரலாம். அங்கேயும் என் கேள்வி ஒன்றுதான்: வளையம் ஓரிடத்தில் அறுந்த அன்றே யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் அது மறுபடியும் நேர்கோடுதான்.

ஒரு செய்முறைக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தபோது, செங்கத்துக்காரனுக்கு வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், இந்தச் செங்கத்தை, அதாவது அன்றைய செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போவதற்குக் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. 583 அடி. நன்னனின் கொடையைப் புகழ்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் படித்துப் பாருங்கள், அதில் பெரும்பகுதி எங்கே வழுக்கும் என்பதுதான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு இருக்கும் குழிகள் எவை, தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் எந்தப் பக்கமாக வரும், பாசி பிடித்த பாறையில் எப்படி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போவது. வழி பிரியும் இடத்தில் சரியான வழியில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிற புதியவர்களுக்கு உதவும் என்றும் சொல்கிறது.

புலவர் பெருங்கௌசிகனார், போய்ச் சேர்ந்தவுடன் கிடைக்கும் விருந்தை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். இன்றைய குறிப்புகள் செய்வது அதைத்தான். சேர்ந்த இடத்தின் படத்தைக் காட்டுகின்றன, வழுக்குகிற பாறையைக் காட்டுவதில்லை.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை மழுப்ப விரும்பவில்லை. "இது சின்னக் கடை, இதுக்கு இவ்வளவு தேவையாண்ணா?" என்று தம்பியே கேட்டான். நியாயமான கேள்வி. மாதம் ஒரு தடவை சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில், ஒரே கேபிளும் மேஜை டிராயரில் ஒரு உபரி கேபிளும் போதும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. போனால் உடனே தெரியும், அங்கே வேலை செய்யும் யாரும் இரண்டு நிமிடத்தில் மாற்றலாம். கவனிக்க ஆள் இல்லாத பாண்டிங்கைவிட அது நேர்மையான ஏற்பாடு. குறிப்பு எழுதுகிறவர் முதல் பத்தியிலேயே இதைச் சொல்ல வேண்டும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. "நிக்கவே நிக்காது" என்று மட்டும் சொன்னேன்.

அவன் இரண்டு கேபிளே இருக்கட்டும் என்றான். அதனால் இப்படிச் செய்தோம். இரண்டு தனி சுவிட்ச், இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்து, ரவுட்டருக்கும் இரண்டிலிருந்தும் வழி. எல்லாவற்றின் அடாப்டரும் யுபிஎஸ்ஸில். சுவிட்சுகள் சுற்றுவழியைச் சமாளிக்கத் தெரிந்தவையாகப் பார்த்து வாங்கினோம். இல்லையென்றால் ஒரே தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்தத்தையும் முடக்கிவிடும். கேபிள் கண்காணிப்புக்கு 100. ஒரு போர்ட் போனால் என் போனுக்கும் அவன் போனுக்கும் செய்தி வரும்படி ஒரு சின்ன நிரல். பாண்டிங்கின் நிலைக்கோப்பில் ஒவ்வொரு கேபிளும் எத்தனை தடவை அறுந்தது என்ற எண்ணிக்கை இருக்கிறது, அதைப் படித்தாலே போதும்.

பிறகு சோதனை. ஒரு கணினியிலிருந்து சர்வரைத் தொடர்ந்து பிங் செய்ய விட்டு, முதல் கேபிளைப் பிடுங்கினோம். ஒன்றிரண்டு பதில் தவறியது, பிறகு வந்தது. போனில் செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினோம். இரண்டாவதைப் பிடுங்கினோம். பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தோம். கடைசியாக மெயினையே அணைத்தோம். முதல் தடவை செய்தபோது செய்தி வரவில்லை. நிரலில் நான் போட்ட போர்ட் பெயர் தப்பு. பிடுங்கிப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னொரு நான்கு மாதம் போயிருக்கும்.

கேபிள்களில் சிவப்பு, நீலம் என்று டேப் சுற்றி, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எழுதியது எனக்காக இல்லை. நான் வெளியூரில் இருக்கும்போது வந்து பார்க்கப் போகிறவருக்காக. மாதத்தின் முதல் சனிக்கிழமை, கூட்டம் குறைந்த மதியத்தில், தம்பி சிவப்பைப் பிடுங்கிப் பார்த்துத் தேதி எழுதுகிறான். அடுத்த மாதம் நீலம். இதுவரை தாளில் நான்கு தேதி இருக்கிறது.