நாலு ஜோக்கர், அஞ்சு பட்டன்: டியூசஸ் வைல்ட் மிஷினில் உட்கார்ந்து பார்த்தது

லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் மிஷின்களில், தன் விலையை முகத்திலேயே எழுதி வைத்திருப்பது வீடியோ போக்கர் ஒன்றுதான். பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் ஸ்லாட் மிஷின் நூறு டாலருக்கு எத்தனை டாலரை விழுங்கும் என்று அதன் வெளித்தோற்றத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்பது நெவாடாவின் விதி. அதற்கு மேல் எவ்வளவு என்பது வைத்தவருக்குத்தான் வெளிச்சம். வீடியோ போக்கரின் கதை வேறு. திரையில் சீட்டைக் காட்டும் மிஷின், நிஜக் கட்டில் எந்த வாய்ப்பில் சீட்டு வருமோ அதே வாய்ப்பில்தான் போட வேண்டும் என்பதும் நெவாடா விதியே. கட்டில் இருப்பது 52 சீட்டு. எந்தக் கைக்கு எத்தனை காசு என்ற பட்டியல் திரையின் மேல்பாதியில் இருக்கிறது. இரண்டும் தெரிந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு.

நான் உட்கார்ந்தது டியூசஸ் வைல்டில். ஐஜிடி நிறுவனத்தின் கேம் கிங் பெட்டி. கால் டாலர் காசு. இந்த நிறுவனத்துக்கு விதை போட்ட சை ரெட் 1979-இல் ‘டிரா போக்கர்’ மிஷினைக் கொண்டுவந்தார். ஐந்து சீட்டு போடும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு வேண்டாததை எறிந்தால், எறிந்ததற்குப் பதில் புதுச் சீட்டு தரும். அத்தோடு கை முடிந்தது. இன்றைக்கும் ஆட்டம் அதேதான். டியூசஸ் வைல்டில் கூடுதலாக ஒன்று: கட்டில் உள்ள நான்கு இரண்டுகளும் ஜோக்கர். ரம்மி ஆடியவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே ஒரு ‘ஹோல்ட்’ பட்டன், வலது ஓரத்தில் ‘டீல்’. திரையில் சீட்டையே தொட்டும் பிடிக்கலாம். ஆனால் பட்டன்தான் கைக்கு வசதி, விரலுக்கு எந்தச் சந்தேகமும் வராது. ஒரே பெட்டிக்குள் பல ஆட்டங்கள் இருப்பதால் பிடிக்கவில்லையென்றால் எழுந்திருக்காமலே வேறொன்றுக்குத் தாவலாம். எரிச்சலூட்டியது ஒன்று: மூன்று ஒரே எண் வந்தால் நீங்கள் கட்டிய காசு அப்படியே திரும்பும், ஒரு காசு லாபம் கிடையாது. அதற்கும் காசு ஏறும் சத்தம் கேட்கும், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி. காசு தரும் கைகள் நூற்றுக்கு 45 போல வருகின்றன. அவற்றில் 28 இந்தத் திரும்பல்தான். கலகலப்பாக இருக்கிறதே என்று நினைக்க வைப்பதும் இதுவே.

எத்தனை காசு கட்டுவது என்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒன்றிலிருந்து நான்கு காசு வரை கட்டினால், ஜோக்கர் கலக்காத அசல் ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே ஜாதியில் பத்து முதல் ஏஸ் வரை) காசுக்கு 250. ஐந்தாவது காசையும் போட்டால் மொத்தமாக 4000, அதாவது காசுக்கு 800. ஆக ஐந்து காசு, ஒரு கைக்கு ஒன்றேகால் டாலர். அது அதிகம் என்று தோன்றினால் சின்னக் காசு மிஷினுக்குப் போகலாம்; அங்கும் ஐந்துதான் போட வேண்டும்.

இனி பட்டியல். மேலிருந்து கீழே: அசல் ராயல் 800, நான்கு இரண்டு 200, ஜோக்கர் ராயல் 25, ஐந்து ஒரே எண் 15, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் 9, நான்கு ஒரே எண் 5, ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண், கூடவே ஒரு ஜோடி) 3, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி) 2, ஸ்ட்ரெயிட் (ஐந்தும் அடுத்தடுத்த எண்) 2, மூன்று ஒரே எண் 1. இப்படி இருந்தால் அது ‘ஃபுல் பே’ மிஷின். பிசகாமல் ஆடினால் நீண்ட ஓட்டத்தில் 100.76 விழுக்காடு திருப்பித் தரும். ஆம், நூறுக்கு மேல். அப்படிப்பட்டதை ஏன் வைத்தார்கள் என்றால், பிசகாமல் ஆடுபவர்கள் குறைவு என்ற நம்பிக்கையில்தான். இப்போது அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

பெரும்பாலும் கண்ணில் படுவது வேறொரு பட்டியல். மேலே 800, 200, 25, 15, 9 என்று அத்தனையும் அப்படியே இருக்கும். ‘நான்கு ஒரே எண்’ வரியில் மட்டும் 5 இருந்த இடத்தில் 4. ஒரே ஒரு காசு. ஆனால் அந்தக் கை ஏறத்தாழ 15 தடவைக்கு ஒன்று வரும் கை. ஆகவே அந்த ஒரு காசு 100.76-ஐ 94.34-க்கு இறக்கிவிடுகிறது. ராயலின் 4000 கொட்டை எழுத்தில் மின்னும்போது யார் நடு வரியைப் பார்க்கிறார்கள்! ராயல் வருவது சுமார் 45,000 கைக்கு ஒன்று; உங்கள் காசு கரைவதும் நிற்பதும் நடு வரிகளில்தான்.

நான்கு ஒரே எண்ணுக்கு 4 என்றிருந்தாலும் உடனே எழுந்துவிட வேண்டாம். கீழே ஃபுல் ஹவுஸுக்கு 4, ஃப்ளஷுக்கு 3 இருக்கிறதா, மேலே ஐந்து ஒரே எண்ணுக்கு 16, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷுக்கு 10 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 99.73. ஆட்டக்காரர்கள் இதை ‘நாட் ஸோ அக்ளி’ என்று கூப்பிடுகிறார்கள். அவ்வளவு அவலட்சணம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் பெயர்.

ஆடும் முறையைக் கையில் எத்தனை இரண்டு என்பதை வைத்துப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் சட்டம், விதிவிலக்கே இல்லாதது: இரண்டை எறியக் கூடாது. நான்கும் வந்துவிட்டால் பிடித்துக்கொண்டு மூச்சு விடலாம். ஏறத்தாழ 4,900 கைக்கு ஒன்று வரும் வரம் அது.

மூன்று இரண்டு வரும்போதுதான் இந்த ஆட்டத்தின் குணம் தெரிகிறது. மூன்று இரண்டு, கூடவே ஸ்பேட் 7, ஸ்பேட் 8. திரை ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் என்கிறது. ஐந்து காசு கட்டியதற்கு 45 காசு கையில் நிற்கிறது. ஏழையும் எட்டையும் எறியுங்கள். நான்காவது இரண்டு வர சுமார் 23-இல் ஒரு வாய்ப்பு. எது வந்தாலும் நான்கு ஒரே எண்ணுக்குக் குறையாது. எல்லாம் சேர்த்துக் கூட்டினால் வெறும் மூன்று இரண்டின் மதிப்பு காசுக்கு சுமார் 15. ஒன்பதைப் பிடித்துக்கொண்டு பதினைந்தை விடுவானேன்? கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், முதல் தடவை அந்த 45 காசை உதறக் கை வரவில்லை என்பவர்களை நான் புரிந்துகொள்கிறேன். மிஷின் சம்பாதிப்பதே அந்தத் தயக்கத்தில்தான். ஆனால் ஜோக்கர் ராயல் வந்திருந்தால் கைவைக்காதீர்கள்.

இரண்டு இரண்டு இருந்தால், நான்கு ஒரே எண்ணும் அதற்கு மேலும் வந்தால் பிடிக்க வேண்டும். ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் வந்தால் உடைக்க வேண்டும். இரண்டு இரண்டோடு கிங், ஒன்பது, நான்கு, மூன்றும் ஸ்பேட்: ஃப்ளஷ், 2 காசு. இரண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சீட்டு வாங்கினால் மதிப்பு மூன்றுக்கு மேல். ராயலுக்கு ஒரு சீட்டுதான் பாக்கி என்றால் நான்கையும் பிடிக்கலாம். 6-7 அல்லது அதற்கு மேல் அடுத்தடுத்த ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு துணைக்கு இருந்தாலும் அப்படியே.

ஒரே ஒரு இரண்டு இருக்கும்போது பலர் சறுக்குவது கிங், ஏஸைக் கண்டு. ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’ ஆடிப் பழகிய கை, பெரிய சீட்டை விடாது. அங்கே ஒரு ஜோடி ஜாக்கிக்குக் காசு உண்டு. இங்கே மூன்று ஒரே எண்ணுக்குக் கீழே எதற்கும் ஒன்றும் கிடையாது. கிங்குக்கும் மூன்றுக்கும் இங்கே ராயல் வழி தவிர எந்த வித்தியாசமும் இல்லை. எதுவும் சேரவில்லையென்றால் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நான்கையும் எறிவதுதான் முறை.

இரண்டே வராத கைதான் அதிகம் வரும், சலிப்பும் அங்கேதான். தனி ஏஸைப் பிடிக்காமல் ஐந்தையும் எறியப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து புதுச் சீட்டின் மதிப்பு காசுக்கு 0.32. நடுவில் ஒரு சீட்டு விடுபட்ட ஸ்ட்ரெயிட்டைத் துரத்தினால், விடுபட்ட எண்ணின் நான்கும் ஜோக்கர் நான்கும் சேர்ந்து எட்டு சீட்டு உதவும்: 47-இல் எட்டு, தலைக்கு 2 காசு, 0.34. மயிரிழையில் பிடிக்கலாம். ஆனால் ஏஸ், 3, 4, 5 என்றால் எறியுங்கள். விடுபட்டது இரண்டேதான் என்பதால் உதவும் சீட்டு பாதியாகிவிடுகிறது. ஆர்ட்டினில் ஏஸ், கிங், குயின், ஜாக், கூடவே ஆர்ட்டின் 4 வந்தால் தயாராக நிற்கும் ஃப்ளஷை உடைத்து அந்த 4-ஐ எறிய வேண்டும்: 2 காசுக்கு எதிரே சுமார் 19.5.

இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டு வேறு பட்டியல் உள்ள மிஷினில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இரண்டு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: 9, 9, 4, 4, ஏஸ். ஃபுல் பே மிஷினில் ஒரு ஜோடியை எறிய வேண்டும். நான்கையும் பிடித்தால் உதவும் சீட்டு எட்டு. 47-இல் எட்டு, தலைக்கு 3 காசு, 0.51. ஒரு ஜோடியை மட்டும் பிடித்து மூன்று சீட்டு வாங்கினால் 0.56. ஆனால் ஃபுல் ஹவுஸுக்கு 4 தரும் ‘நாட் ஸோ அக்ளி’யில் அதே எட்டு சீட்டுக்கு 0.68, அங்கே இரண்டு ஜோடியை உடைப்பது தப்பு. நான்கு சீட்டு ஃப்ளஷிலும் இதே தலைகீழ். உதவும் சீட்டு 12. ஃப்ளஷுக்கு 2 என்றால் 0.51, ஜோடி முந்துகிறது. 3 என்றால் 0.77, ஜோடி பின்னால் போகிறது. முறை என்பது ஆட்டத்துக்கு உரியது என்று நினைத்துக்கொண்டு ஒரே அட்டவணையை எல்லா மிஷினிலும் நீட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எந்தப் பட்டியலின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தப் பட்டியலின் முறையைத்தான் ஆட வேண்டும்.

அதனால் மிஷினுக்கு முன் பயிற்சிக் கருவி வேண்டும். மைக்கேல் ஷாக்கிள்ஃபோர்டின் ‘விசர்ட் ஆஃப் ஆட்ஸ்’ இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. பட்டியலைத் தேர்ந்தெடுத்து ஒரு கையைக் கொடுத்தால், ஐந்து சீட்டைப் பிடிக்கவும் எறியவும் உள்ள 32 வழிகளில் எது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுவிடும். மேலே சொன்ன மூன்று இரண்டுக் கையைக் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் வார்த்தை செய்யாத வேலையை அந்த எண் செய்துவிடும். பயிற்சியில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். தப்பு எதில் வருகிறது என்பது மெதுவாக ஆடினால்தான் தெரியும். எனக்கு ஒற்றை இரண்டோடு வரும் மூன்று சீட்டு ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் கைகள்தான் கடைசி வரை குழப்பின. நல்லவேளை, அந்தக் குழப்பத்தின் விலை மிகச் சிறியது.

பட்டியலைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பதன் விலை அப்படியில்லை. மணிக்கு 600 கை ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு அது சாதாரணம். ஒன்றேகால் டாலர் வீதம் 750 டாலர் மிஷினுக்குள் சுற்றுகிறது. 99.73 பட்டியலில் சராசரி நஷ்டம் மணிக்கு 2 டாலர். 94.34 பட்டியலில் 42 டாலர். நாற்காலி அதே, சிகரெட் புகை அதே, மின்னும் 4000 அதே. சராசரி என்ற சொல்லையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஃபுல் பே மிஷினின் 100.76-இல் ராயலின் பங்கு மட்டும் 1.77, நான்கு இரண்டின் பங்கு நான்குக்கு மேல். இவை வராத நாள்களில் எவ்வளவு ஒழுங்காக ஆடினாலும் காசு கரையும். அந்த நாள்கள்தான் அதிகம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவர் மிஷினில் பெரிய தொகை ஜெயித்தால் 30 விழுக்காடு வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பிளாக்ஜாக், ரூலெட் போன்ற சில மேசை ஆட்டங்களுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. வீடியோ போக்கருக்கு உண்டு. ஒரு டாலர் மிஷினில் 4000 டாலர் ராயலில் 1200 போனால், முன்னால் போட்ட விழுக்காட்டுக் கணக்கெல்லாம் ஆட்டம் காண்கிறது. வீட்டிலிருந்தபடி காசு கட்டி ஆடலாமா என்றால், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது.

அமெரிக்காவிலும் எல்லா இடத்திலும் இந்த மதிப்பீடு செல்லாது. பழங்குடியினர் நடத்தும் சில கூடங்களில் போக்கர் போலத் தெரியும் மிஷின் உண்மையில் பிங்கோ. திரையின் ஒரு மூலையில் சின்னதாகப் பிங்கோ அட்டை இருக்கும். அங்கே முடிவு பிங்கோவில் ஆகிவிடுகிறது, சீட்டு வெறும் அலங்காரம். அந்த அட்டை தெரிந்தால் உங்கள் முறைக்கு அங்கே வேலை இல்லை.

ஜோக்கர் போக்கரையும் தொட்டுப் பார்த்தேன். 53 சீட்டு, ஒரே ஜோக்கர். ஜோடி கிங்கிலிருந்தே காசு. நல்ல பட்டியலில் 100.65 வரை போகும். அங்கே கிங்கும் ஏஸும் மீண்டும் மரியாதை பெறுகின்றன என்பதால், டியூசஸ் பழகிய கைக்கு எல்லாவற்றையும் மறந்து புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று போதும் என்பேன். அது டியூசஸாக இருக்கட்டும்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் ‘நான்கு ஒரே எண்’ வரியைப் பாருங்கள். 5 என்றால் உட்காருங்கள். 4 என்றால் அதற்குக் கீழே 4, 3 இருக்கிறதா, மேலே 16, 10 இருக்கிறதா என்று பாருங்கள். கீழே 3, 2 என்றால் டியூசஸை விட்டுவிட்டு, அதே பெட்டியின் ஆட்டப் பட்டியலைத் திறந்து ஜாக்ஸ் ஆர் பெட்டரைத் தேடுங்கள். அதில் ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 இருந்தால் 99.54.