முழுக் கிணறு தாண்டிய கிழவர்

2011ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி மாலை, கனடா தேசத்து டொரான்டோ நகரில், மாரத்தான் பந்தயத்தின் ஜெயசாலிகள் எப்போதோ பதக்கம் பெற்றுப் போய்விட, வேடிக்கை பார்த்தவர்களும் பெரும்பாலும் கலைந்துவிட, வேலையாட்கள் பாதையோரத் தடுப்புகளைக் கழற்றத் தொடங்கியிருந்த வேளையில், தலைப்பாகையும் நீண்ட வெண்தாடியுமாக ஒரு முதியவர் முடிவுக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் பௌஜா சிங். கடவுச்சீட்டின்படி வயது நூறு. எடுத்துக்கொண்ட காலம் 8 மணி 11 நிமிஷம் 6 விநாடி. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஐந்தே பேர்.

பந்தயத்தை அலசுகிறவன் முதலில் வந்தவரிடமிருந்து தொடங்குவதே சம்பிரதாயம். கடைசிக்குச் சற்று முன்னால் வந்தவரை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், தர்ம காரியத்துக்காக ஓடுகிறவனுடைய ஓட்டத்தை அளக்க வேறொரு அளவுகோல் வேண்டும் என்பதுதான். பரிசுக்கு ஓடுகிறவன் முப்பதாவது கிலோமீட்டரில் ஜெயம் கைநழுவிற்று என்று கண்டால், அடுத்த பந்தயத்துக்குக் கால்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கிவிடுவது விவேகமே. ‘நீ ஓடி முடித்தால் இவ்வளவு தருகிறேன்’ என்று அயலாரும் உறவினரும் வாக்களித்திருக்க, அந்த வாக்கைச் சுமந்து ஓடுகிறவனுக்கோ அந்தச் சௌகரியம் இல்லை. இடையில் நின்றுவிட்டால், முக்கால் கிணறு தாண்டியவன் கதைதான் அவன் கதையும். ஆகவே அவனுடைய யுக்தி முழுவதும், இருக்கும் சக்தியை 42.195 கிலோமீட்டருக்கும் பங்கிட்டுச் செலவழிக்கும் சிக்கனத்திலேயே அடங்கியிருக்கிறது.

அந்தச் சிக்கனத்தில் பௌஜா சிங் தேர்ந்தவர். பஞ்சாபில் ஜலந்தருக்கு அருகே பியாஸ் கிராமத்தில் விவசாயியாய் வாழ்ந்து, மனைவியை இழந்தபின் இங்கிலாந்திலுள்ள மகனிடம் போய்ச் சேர்ந்து, 1994இல் மற்றொரு மகனையும் பறிகொடுத்த துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஓடத் தொடங்கியவர் அவர். பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதல் நாள் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார் என்பார்கள். 2000ஆம் ஆண்டு, தமது 89ஆம் வயதில், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைப் பேணும் ‘பிளிஸ்’ என்ற ஸ்தாபனத்துக்காக லண்டன் மாரத்தானில் ஓடி, 6 மணி 54 நிமிஷத்தில் முடித்தார்; கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய 9 நிமிஷம் 49 விநாடி. மூன்று ஆண்டு கழித்து, 92ஆம் வயதில், டொரான்டோவில் 5 மணி 40 நிமிஷம். கிலோமீட்டருக்குச் சுமார் 8 நிமிஷம் 3 விநாடி. மூன்று வயது கூடியபோது எழுபத்து நான்கு நிமிஷம் குறைந்திருக்கிறது. முன்னதில் அனுபவமில்லாத மனவுறுதி ஓடிற்று. பின்னதில் ஆண்டுக்கணக்கான கிரமமான பயிற்சியும் கூட ஓடிற்று.

ஆயினும் என்னைப் பெரிதும் வியக்க வைப்பது மூன்றாவது கணக்கு. நூறு வயதுப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னதாக, அதே டொரான்டோவில் ஒரு மைதானத்தில் அவர் 5,000 மீட்டரை 49 நிமிஷம் 57 விநாடியில் ஓடியிருந்தார். கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம். மாரத்தானில் அவருடைய சராசரி 11 நிமிஷம் 38 விநாடி. தூரம் எட்டு மடங்குக்கு மேல் பெருகியும் கிலோமீட்டருக்கு எடுத்த காலம் கூடியது நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பங்குதான். நம் காலத்து மகா ஓட்டக்காரரான எத்தியோப்பியாவின் கெனெனிசா பெகெலேயை எடுத்துக்கொண்டால், 5,000 மீட்டருக்கு 12 நிமிஷம் 37 விநாடி, மாரத்தானுக்கு 2 மணி 1 நிமிஷம் 41 விநாடி. அவருக்கும் அப்படிக் கூடியது பதினான்கு பங்கு. வேகத்தில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சக்தியைப் பங்கிடும் வித்தையிலோ ஏறத்தாழ ஒரே வரிசை.

மெதுவாக ஓடுவது சுலபம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. வேகமாக ஓடுகிறவனுக்குத் தசைகளில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து முப்பது கிலோமீட்டர் அளவில் வற்றிவிடுவது பெரிய ஆபத்து. மெதுவாக ஓடுகிறவன் கொழுப்பை அதிகம் எரிப்பதால் அந்த வறட்சியைத் தள்ளிப்போட முடிகிறது. ஆனால் எட்டு மணி நேரம் பாதம் தரையில் மோதுவதையும், வெயிலையும் குளிரையும், தாகமென்று அளவுக்கு மீறி நீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும் அபாயத்தையும் அவன் மும்மடங்கு, நான்மடங்கு காலம் சகித்தாக வேண்டும். முதல் இருபது மைல் கஷ்டமில்லை, கடைசி ஆறு மைலைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுகிறேன் என்ற கருத்தில் பௌஜா சிங் சொன்னதுண்டு. பக்தியின் வார்த்தையாயினும், அது சரீர சாஸ்திரத்துக்கும் பொருந்துகிறது.

இவ்வகை ஓட்டத்துக்குப் பேர்போன லண்டன் பந்தயத்தை, ஒலிம்பிக் வீரர்களான கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981இல் தோற்றுவித்தனர். அந்த முதல் ஆண்டிலேயே முன்னணியில் வந்த அமெரிக்கரான டிக் பேர்ட்ஸ்லியும் நார்வேக்காரரான இங்கே சிமோன்சனும், ஒருவரை ஒருவர் வெல்ல மனமின்றிக் கைகோத்துக்கொண்டே கோட்டைக் கடந்தார்கள். அப்படிப் பிறந்த பந்தயம் 2025இல், ஒரே ஆண்டில், தர்ம காரியங்களுக்கு 8.7 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டித் தந்தது. அதில் பெரும்பகுதி பதக்கத்தைக் கனவிலும் காணாதவர்களின் கால்கள் சம்பாதித்தது.

கின்னஸ் புத்தகத்தார் பௌஜா சிங்கின் சாதனையைப் பதிய மறுத்தார்கள். 1911ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்படி ஒன்று அவரிடம் இல்லை. பிரமாணம் கேட்பது அவர்கள் கடமை, குறை சொல்வதற்கில்லை. 2025 ஜூலையில், தம் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி அம்முதியவர் மறைந்தபோதும் அந்தப் பக்கம் வெற்றிடமாகவே இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்காக வந்த காசு மட்டும், அவருக்கு வயது எத்தனை என்று கேட்காமலே கணக்கில் ஏறிவிட்டது.